தீபாவளிக்கும் ஈதுக்கும் அமெரிக்க அரசுப் பள்ளிகளை மூட வேண்டுமா?

கேள்வி இது: அமெரிக்காவின் அரசுப் பள்ளிகள் எந்த மதத்தையும் சாராதவை. அப்படியிருக்க, பள்ளி நாட்காட்டியில் மத விழாக்களுக்கு இடம் கொடுப்பது சரியா? ஒருவருக்குக் கொடுத்தால் எல்லாருக்கும் கொடுக்க வேண்டாமா? கொடுத்துக்கொண்டே போனால் பள்ளி எப்போது நடக்கும்?

பிள்ளைகளை இங்கே அரசுப் பள்ளியில் படிக்க வைத்தவன், எங்கள் பள்ளி மாவட்டத்தில் நாட்காட்டிக்கான ஆலோசனைக் குழுவில் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மதத்தைக் கௌரவிப்பதற்காகப் பள்ளியை மூடக் கூடாது. பிள்ளைகளும் ஆசிரியர்களும் பெருவாரியாக வராமல், பாடமே நடத்த முடியாது என்று தெரிந்த நாளில் மூடத்தான் வேண்டும். அது யாருடைய பண்டிகையாக இருந்தாலும் சரி. இந்த இரண்டையும்விட முக்கியமான ஒன்று உண்டு. பள்ளி திறந்திருக்கும் நாளில் தன் பண்டிகைக்காக வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு மதிப்பெண்ணிலோ வாய்ப்பிலோ ஒரு துளி நஷ்டமும் வரக் கூடாது. விடுமுறைக்காகப் போராடும் நம் ஆட்கள் பெரும்பாலும் இந்தக் கடைசி விஷயத்தைப் பேசுவதே இல்லை. எனக்கு இருக்கும் ஆதங்கமே அதுதான்.

“மதத்தை நாட்காட்டிக்குள் விடலாமா” என்று கேட்கும்போது, இப்போது இருக்கும் நாட்காட்டி வெள்ளைத் தாள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அது அப்படி இல்லை. வாரத்தில் ஞாயிற்றுக்கிழமை ஏன் லீவு? கிறிஸ்துமஸ் 1870இலிருந்து கூட்டாட்சி அரசின் விடுமுறை. பள்ளிகள் அதைச் சுற்றி வரும் நாட்களைக் குளிர்கால விடுமுறை என்று அழைக்கின்றன, ஆனால் அது டிசம்பர் கடைசி வாரத்தில்தான் வருகிறது, பிப்ரவரியில் வருவதில்லை. நிறைய இடங்களில் வசந்தகால விடுமுறையும் புனித வெள்ளியை ஒட்டியே அமைகிறது. ஒரு கிறிஸ்தவக் குடும்பம் தன் பெரிய பண்டிகைக்குப் பள்ளியிடம் கடிதம் கொடுத்து அனுமதி கேட்க வேண்டிய நிலை இங்கே வருவதே இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பெரும்பான்மையினர் வாழ்ந்த விதத்தில் நாட்காட்டி உருவானது, அவ்வளவுதான். ஆனால் மற்றவர்கள் கேட்கும்போது மட்டும் “பள்ளிக்குள் மதம் வரலாமா” என்று எழுப்பப்படும் கேள்வியில் நியாயம் பாதிதான்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். நாடு முழுவதற்குமான பள்ளி நாட்காட்டி என்று அமெரிக்காவில் ஒன்று கிடையாது. கூட்டாட்சி விடுமுறை என்பது கூட்டாட்சி அரசு ஊழியர்களுக்கானது, பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது. மாநிலம் “இத்தனை நாள் பாடம் நடக்க வேண்டும்” என்று சொல்லும், பெரும்பாலும் 180 நாள். அந்த 180 நாளை எங்கே வைப்பது என்பதைச் சுமார் 13,000 பள்ளி மாவட்டங்கள் தனித்தனியே முடிவு செய்கின்றன. பெரும்பாலான இடங்களில் மாவட்டத்தை நடத்தும் பள்ளி வாரியத்தை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். ஆகவே இது வாஷிங்டனில் தீர்கிற விஷயம் இல்லை. உங்கள் ஊர்ப் பள்ளி வாரியக் கூட்டத்தில், வாரநாள் இரவில், முப்பது நாற்காலி போட்ட ஒரு அறையில் தீர்கிற விஷயம்.

சட்டம் என்ன சொல்கிறது? அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்தில் மதம் பற்றி இரண்டு வரம்புகள் இருக்கின்றன. அரசு எந்த மதத்தையும் நிறுவக் கூடாது, யாரும் தன் மதத்தைக் கடைப்பிடிப்பதைத் தடுக்கவும் கூடாது. பள்ளி நாட்காட்டி இந்த இரண்டுக்கும் நடுவே நடக்க வேண்டியிருக்கிறது. உச்ச நீதிமன்றம் 1952இல் சோராக் வழக்கில் நியூயார்க்கின் ஒரு ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டது. பெற்றோர் எழுத்தில் கேட்டால், வாரத்தில் சிறிது நேரம் பிள்ளைகளைச் சமய வகுப்புக்காக வெளியே அனுப்பலாம் என்பது அந்த ஏற்பாடு. அந்தத் தீர்ப்பில் நீதிபதி வில்லியம் டக்ளஸ் கொடுத்த உதாரணங்கள் முக்கியமானவை. ஒரு கத்தோலிக்க மாணவன் திருப்பலிக்குப் போக ஆசிரியரிடம் அனுமதி கேட்கிறான். ஒரு யூத மாணவன் யூதர்களின் உண்ணாநோன்பு நாளான யோம் கிப்பூருக்கு விடுப்புக் கேட்கிறான். ஒரு புராட்டஸ்டன்ட் மாணவன் குடும்பத்தில் நடக்கும் ஞானஸ்நானத்துக்காக ஒரு பிற்பகல் கேட்கிறான். ஆசிரியர் அனுமதிப்பதால் அரசு மதத்தை நிறுவிவிட்டதாக ஆகாது என்பது அவர் வாதம். விடுப்புக் கொடுப்பதில் சட்டச் சிக்கல் இல்லை என்பது அப்போதே தெளிவாகிவிட்டது.

பள்ளியையே மூடுவது வேறு கதை. அங்கே நீதிமன்றங்கள் பார்ப்பது காரணத்தை. இதற்கு இரண்டு வழக்குகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். இல்லினாய் மாநிலம் 1941இல் ஒரு சட்டம் போட்டு, மாநிலம் முழுக்க அரசுப் பள்ளிகளுக்குப் புனித வெள்ளியை விடுமுறை ஆக்கியது. ஒரு ஆசிரியை வழக்குப் போட்டார். 1995இல், உச்ச நீதிமன்றத்துக்கு அடுத்த நிலையில் உள்ள ஏழாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தச் சட்டத்தைத் தள்ளிவிட்டது. கிறிஸ்துமஸைப் போல மதம் கடந்த பொது வழக்கமாக மாறிவிடாத ஒரு நாளை, வேறு காரணம் எதையும் காட்டாமல் மாநிலம் முழுவதற்கும் திணிக்க முடியாது என்றார் நீதிபதி ரிச்சர்ட் போஸ்னர். அதே சமயம், பள்ளிக்கு யாருமே வரமாட்டார்கள் என்ற நிலைமை உள்ள மாவட்டம் தானே மூடிக்கொள்வதை அந்தத் தீர்ப்பு தடுக்கவில்லை. நான்கு வருடம் கழித்து, 1999இல், மேரிலாந்தில் இதே போன்ற வழக்கு. அங்கே ஈஸ்டருக்கு முந்தைய வெள்ளியிலிருந்து பிந்தைய திங்கள் வரை பள்ளி விடுமுறை. நான்காவது வட்டார நீதிமன்றம் அதை அனுமதித்தது. பள்ளியைத் திறந்து வைத்தால் வராதவர்கள் ஏராளமாக இருப்பார்கள், பணமும் பாடமும் வீணாகும் என்ற காரணம் அங்கே ஏற்கப்பட்டது.

இந்த இரண்டிலிருந்தும் நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான். “இந்த நாள் புனிதமானது, அதனால் மூடுகிறோம்” என்று ஒரு அரசுப் பள்ளி சொல்ல முடியாது. “இந்த நாளில் பள்ளி நடத்த முடியாது, அதனால் மூடுகிறோம்” என்று சொல்லலாம். இது வார்த்தை ஜாலம் என்று சிலர் நினைக்கிறார்கள். அந்தக் குழுவில் உட்கார்ந்த பிறகு எனக்கு அப்படித் தோன்றவில்லை.

எங்கள் முன் ஒரு அட்டவணை வைப்பார்கள். ஒவ்வொரு விழா நாளுக்கும் ஒரு வரிசை. வராத பிள்ளைகள் எத்தனை, விடுப்புக் கேட்ட ஆசிரியர்கள் எத்தனை, அவர்களுக்கு மாற்று ஆசிரியர் கிடைத்தது எத்தனை இடத்தில், கிடைக்காதது எத்தனை இடத்தில். பிள்ளைகள் வராததைவிட அந்தக் கடைசிப் பத்திதான் பள்ளி முதல்வர்களைக் கலங்க வைக்கும். மாற்று ஆசிரியர் கிடைக்காத வகுப்புகளை உணவுக்கூடத்தில் ஒன்றாக உட்கார வைத்து, ஒரே ஆள் நூறு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் நாள் அது. பள்ளி திறந்திருக்கும், பேருந்து ஓடும், பாடம் மட்டும் நடக்காது. அப்படிப்பட்ட நாளை மூடுவது யாருக்கும் செய்யும் சலுகை இல்லை.

நியூயார்க் நகரம் யூத விழாக்களுக்கு மூடத் தொடங்கியதன் பின்னணியும் இதுதான். 1960களில் அங்கே யூத ஆசிரியர்கள் அத்தனை பேர் இருந்தார்கள். யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானா, யோம் கிப்பூர் நாட்களில் பள்ளியை நடத்துவது ஆகாத காரியம். அதன் பிறகு அந்த நகரத்தில் நடந்தது, இந்த விவகாரத்தின் எல்லா முகங்களையும் காட்டுகிறது.

2006 ஜனவரியில் மாநில அளவிலான ஒரு தேர்வு ஹஜ்ஜுப் பெருநாள் அன்று வந்து விழுந்தது. முஸ்லிம் குடும்பங்கள் தொழுகையா தேர்வா என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. அந்தக் கோபத்தில் தொடங்கியது ஈத் விடுமுறைக்கான இயக்கம். 2009இல் நகர மன்றம் ஆதரவுத் தீர்மானம் போட்டது. அப்போதைய மேயர் மைக்கேல் புளூம்பெர்க் மறுத்தார். ஒவ்வொரு பண்டிகைக்கும் மூடினால் பள்ளியே நடக்காது என்பது அவர் பதில். பில் டி பிளாசியோ மேயரான பிறகு, 2015இல் நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள் என்ற இரண்டு ஈத் நாட்களும் விடுமுறை ஆயின. அதே வருடம் சீனரும் கொரியரும் கொண்டாடும் சந்திரப் புத்தாண்டும் பட்டியலில் சேர்ந்தது. தீபாவளிக்கு 2023 நவம்பரில் மாநில ஆளுநர் கேத்தி ஹோக்கல் சட்டத்தில் கையெழுத்திட்டார். அந்த வருடத் தீபாவளி ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டதால், பள்ளிகள் முதன்முதலில் மூடியது 2024இல்.

அந்த 2024ஐக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். நகரப் பள்ளிகள் மூடியது நவம்பர் 1, வெள்ளிக்கிழமை. தமிழ்நாட்டில் தீபாவளி அக்டோபர் 31, வியாழக்கிழமை. நமக்குச் சதுர்த்தசி விடியலில் எண்ணெய்க் குளியல்தான் பண்டிகை, வடக்கே அமாவாசை மாலையில் லட்சுமி பூசை. அமாவாசை இரண்டு தேதிகளைத் தொட்டதால் இந்தியாவிலேயே அந்த வருடம் எந்த நாள் என்று ஒரே குழப்பம். நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் இருக்கும் தமிழ்க் குடும்பம் வியாழக்கிழமை விடியலில் குளித்து, புதுச்சட்டை போட்டு, அப்புறம் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியிருக்கும். மறுநாள் விடுமுறை. நான் இதைப் புகாராகச் சொல்லவில்லை. நகரம் ஏதாவது ஒரு தேதியை எடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் ஒரு பண்டிகையை அதிகாரபூர்வமாக நாட்காட்டியில் அச்சிட்ட பிறகும், அதைக் கொண்டாடுகிறவர்களில் ஒரு பகுதிக்கு விடுப்புக் கடிதம் தேவைப்படத்தான் செய்யும். நோன்புப் பெருநாளும் பிறையைப் பார்த்து முடிவாகிறது, பள்ளி நாட்காட்டியோ ஒரு வருடம் முன்பே அச்சாகிறது. விடுமுறை மட்டும் போதாது என்று நான் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

விடுமுறை கேட்டுப் போய் எல்லாருக்கும் கசப்பில் முடிந்த இரண்டு கதைகளையும் சொல்ல வேண்டும். ஃபுளோரிடாவின் ஹில்ஸ்பரோ கவுண்டியில் 2005இல் முஸ்லிம்கள் ஈத் பெருநாளை நாட்காட்டியில் சேர்க்கக் கேட்டார்கள். வாரியம் என்ன செய்தது? ஈதைச் சேர்க்காமல், அதுவரை இருந்த யோம் கிப்பூர், புனித வெள்ளி, ஈஸ்டர் திங்கள் எல்லாவற்றையும் அடுத்த வருட நாட்காட்டியிலிருந்து எடுத்துவிட்டது. ஊரே கொதித்தது. தொலைக்காட்சிகளில் முஸ்லிம்கள்தான் காரணம் என்று பேச்சு. அவர்களோ, மற்றவர்களுடைய நாளைப் பறிக்க நாங்கள் கேட்கவே இல்லை என்று சொன்னார்கள். சில வாரத்தில் வாரியம் முடிவைத் திரும்பப் பெற்றது.

மேரிலாந்தின் மாண்ட்கோமரி கவுண்டியில் 2014இல் நடந்தது இன்னும் வேதனையானது. அங்கே யூத விழாக்களுக்கு ஏற்கெனவே விடுமுறை உண்டு. முஸ்லிம் குடும்பங்கள் சில வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தன. வருகைப் பதிவில் தெரிய வேண்டும் என்பதற்காக 2013இல் பெருநாளன்று பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துக்கொள்ளும்படி ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். எண்ணிக்கை போதாது என்றது நிர்வாகம். சரி, அடுத்த கல்வி ஆண்டில் ஹஜ்ஜுப் பெருநாளும் யோம் கிப்பூரும் ஒரே நாளில் வரும் என்று எதிர்பார்க்கப்பட்டது. பள்ளி எப்படியும் மூடித்தான் இருக்கும். அந்தக் கட்டத்துக்குள் ஈத் என்ற பெயரையும் சேர்த்து அச்சிடுங்கள் என்று மட்டும் கேட்டார்கள். ஒரு நாள் கூடுதல் விடுமுறை இல்லை, ஒரு காசு செலவு இல்லை. வாரியம் 7க்கு 1 என்ற வாக்கில் எல்லா மத விழாக்களின் பெயரையும் நாட்காட்டியிலிருந்து நீக்கியது. கிறிஸ்துமஸ், ஈஸ்டர், யோம் கிப்பூர், எல்லாம் பெயரில்லாத விடுமுறைகள் ஆயின. அடுத்த வருடமே வாரியம் மனம் மாறி, பெருநாளன்று மாணவர்களுக்குப் பள்ளி இல்லாதபடி ஏற்பாடு செய்ய முன்வந்தது என்பது வேறு விஷயம்.

எல்லாப் பெயரையும் அழித்தது நடுநிலை என்று சிலர் வாதிடுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. மூடும் நாட்கள் அப்படியே இருக்கின்றன, பெயர் மட்டும் போகிறது. கிறிஸ்துமஸ் கொண்டாடும் வீட்டுக்கு இதில் எந்தக் குறையும் வராது. புதிதாகக் கேட்டவருக்கு மட்டும் ஒரு செய்தி போகிறது: உனக்குத் தருவதைவிட எல்லாருடையதையும் அழித்துவிடுவோம். ஒரு அரசுப் பள்ளி தன் பெற்றோருக்கு அனுப்பக் கூடாத செய்தி அது. மூடுவதற்கான காரணம் வருகைப் பதிவாக இருக்கட்டும். ஆனால் அது என்ன நாள் என்பதை மறைக்க வேண்டிய தேவை என்ன? அண்டை வீட்டுப் பிள்ளைக்கு இன்று என்ன விசேஷம் என்று ஒரு மாணவன் நாட்காட்டியைப் பார்த்துத் தெரிந்துகொள்வதில் எந்த மதமும் நிறுவப்பட்டுவிடாது.

ஆனால் வருகைப் பதிவை அளவுகோலாக வைப்பதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. என் பதிலில் பலவீனமான இடம் இதுதான், அதை மறைத்து எழுத மனம் வரவில்லை. பள்ளி திறந்திருந்தால், பயந்த பெற்றோர் பிள்ளையை அனுப்பிவிடுவார்கள். டெஸ்ட் இருக்கிறது, பாடம் போய்விடும், ஆசிரியர் என்ன நினைப்பாரோ. குறிப்பாகப் புதிதாகக் குடியேறியவர்கள். நம் வீடுகளிலேயே எத்தனை பேர் தீபாவளியை அடுத்த சனிக்கிழமைக்குத் தள்ளி வைத்துக் கொண்டாடுகிறோம்? அப்படி அனுப்பிய பிள்ளைகள் எல்லாம் வந்தவர்கள் கணக்கில் சேர்ந்துவிடும். பார்த்தீர்களா, யாரும் விடுப்பு எடுக்கவில்லையே என்று அட்டவணை சொல்லும். விடுமுறை இல்லாததால் வருகை அதிகம், வருகை அதிகம் என்பதால் விடுமுறை இல்லை. தவிர, எத்தனை சதவீதம் வராவிட்டால் மூடலாம் என்ற கோடு பல மாவட்டங்களில் எழுதி வைக்கப்படுவதே இல்லை. கோடு எங்கே என்று தெரியாமல் அதைத் தாண்டச் சொல்வது அநியாயம்.

அடுத்தது, எண்ணிக்கை எப்போதும் பெரிய கூட்டத்துக்கே சாதகம். சமணர், பஹாய், எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர் யாரும் ஒரு மாவட்டத்தில் பத்து சதவீதத்தை எட்டப் போவதில்லை. அவர்கள் பிள்ளையின் பக்தி குறைந்ததா? பெரிய சமூகங்களுக்கே எல்லா நாளும் கிடைக்காது. விதிகளை முழுமையாகக் கடைப்பிடிக்கும் யூதக் குடும்பத்துக்கு வேலை செய்யக் கூடாத விழா நாட்கள் இஸ்ரேலுக்கு வெளியே வருடத்தில் 13. ரோஷ் ஹஷானா 2, யோம் கிப்பூர் 1, சுக்கோத்தும் அதன் முடிவு நாட்களும் 4, பஸ்கா 4, ஷாவுவோத் 2. நியூயார்க் மாதிரி ஊரே மூன்று நாளுக்குத்தான் இந்தக் காரணத்துக்காக மூடியது. மற்ற நாட்களுக்கு அந்தப் பிள்ளையும் கடிதம்தான் கொடுக்க வேண்டும்.

சிங்கப்பூரை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கலாம். அங்கே 1968 வரை தைப்பூசம் பொது விடுமுறை. விடுமுறை நாட்களைக் குறைக்க அரசு முடிவு செய்தபோது தைப்பூசம், மீலாது நபி, ஈஸ்டர் திங்கள் எல்லாம் போயின. இந்துக்களுக்குத் தீபாவளி நின்றது. தைப்பூசத்தைத் திருப்பித் தாருங்கள் என்ற குரல் அங்கே இன்றும் ஓயவில்லை. ஒரு நாடு தன் நான்கு இனங்களையும் மனத்தில் வைத்துக் கவனமாகப் பிரித்துக் கொடுத்தும், யாரோ ஒருவருடைய பெரிய நாள் வெளியே நிற்கிறது. விடுமுறை என்பது எண்ணிக்கை குறைந்த ஒரு பொருள். பங்கு போட்டு எல்லாருக்கும் நிறைவு தர முடியாது.

மூடுவதற்கு ஒரு விலையும் இருக்கிறது. அதைக் கொடுப்பது பெரும்பாலும் ஏழைகள். மணிக்கணக்கில் சம்பளம் வாங்கும் தாய்க்குப் பிள்ளையின் விடுமுறை என்றால் அன்றைய கூலி போகும், அல்லது பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேட வேண்டும். நாடு முழுவதும் தினமும் சுமார் 3 கோடிப் பிள்ளைகள் பள்ளியில் மதிய உணவு சாப்பிடுகிறார்கள். சிலருக்கு அன்றைய ஒழுங்கான சாப்பாடு அதுதான். வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டி பல சமூகங்களின் கோரிக்கையை ஏற்று ரோஷ் ஹஷானா, யோம் கிப்பூர், தீபாவளி, ஈத் எல்லாவற்றையும் விடுமுறை ஆக்கியபோது, முழு ஐந்து நாள் வாரமே அரிதாகிவிட்டது என்று பெற்றோர் முறையிட்டார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கும் சின்னப் பிள்ளைகளுக்கும், பழகிய நேர ஒழுங்கு தேவைப்படும் சிறப்புக் கல்விப் பிள்ளைகளுக்கும் துண்டு துண்டான வாரம் கஷ்டம். 180 நாள் குறையாது. செப்டம்பரில் எடுத்த நாளை ஜூன் வெயிலில் திருப்பிக் கட்ட வேண்டும். வசதியான ஒரு சமூகத்தின் பெருமிதத்துக்காக அடுத்த தெருவில் ஒரு தாய் ஒரு நாள் கூலியை இழக்கிறாள் என்றால், அதைக் கேட்கும் முன் நாம் இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

அதே ஃபேர்ஃபாக்ஸ் செய்த இன்னொரு காரியத்தை நான் மிகவும் மதிக்கிறேன். 2021இல் அவர்கள் பதினைந்து நாட்களைச் சமய, பண்பாட்டு அனுசரிப்பு நாட்கள் என்று குறித்தார்கள். பள்ளி நடக்கும். ஆனால் அன்று டெஸ்ட் வைக்கக் கூடாது, சுற்றுலா போகக் கூடாது, தவறவிட்டால் திரும்பக் கிடைக்காத எதையும் நடத்தக் கூடாது. அன்று வராத பிள்ளை எதையும் இழக்க மாட்டாள். விடுமுறையே இல்லாமல் விழாவை மதிப்பது என்றால் எனக்கு இதுதான்.

இது ஏன் முக்கியம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரு முஸ்லிம் குடும்பத்துப் பெண், எட்டாம் வகுப்பு. பள்ளி இசைக்குழுவில் கிளாரினெட் வாசிப்பவள். பெருநாளுக்கு விடுப்புக் கேட்டாள், உடனே கிடைத்தது. அறிவியல் ஆசிரியர் ரொம்ப நல்லவர், டெஸ்டை மறுநாள் மதிய இடைவேளையில் எழுதிக்கொள் என்றார். சாப்பிடாமல் எழுதினாள். ஆனால் பெருநாளன்று இசைக்குழுவில் யார் முதல் வரிசை என்று வாசித்துக் காட்டும் தேர்வு நடந்து முடிந்திருந்தது. இல்லாதவர்கள் கடைசி வரிசை. யாரும் அவளை வெறுக்கவில்லை, யாரும் விதியை மீறவில்லை. தேதி குறித்தவருக்கு அது என்ன நாள் என்று தெரியாது, அவ்வளவுதான். அடுத்த வருடம் அந்தப் பெண் பெருநாளன்று பள்ளிக்கு வந்தாள். அவள் அம்மா இதை என்னிடம் சொன்னபோது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

நியூ ஜெர்சி இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறது. மாநிலக் கல்வி வாரியம் வருடந்தோறும் விழா நாட்களின் நீண்ட பட்டியலை வெளியிடும். அதில் உள்ள நாளில் பெற்றோர் கடிதத்தோடு விடுப்பு எடுத்த மாணவருக்குத் தேர்வை வேறு நாளில் எழுதும் உரிமை உண்டு. அந்த விடுப்பைக் காரணம் காட்டி எந்தப் பரிசுக்கோ பரிசுப் போட்டிக்கோ தகுதியை மறுக்க முடியாது. சிறிய மதம், பெரிய மதம் என்ற பேச்சே அங்கே எழுவதில்லை. ஒரே ஒரு பிள்ளை கொண்டாடினாலும் போதும். மற்ற மாநிலங்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். விடுமுறைக்குக் கேட்பதில் பாதி முயற்சியை இதற்குப் போட்டாலே நடந்துவிடும் என்பது என் நம்பிக்கை.

நாள்பட்ட வருகைக் குறைவு என்று ஒரு கணக்கு பல மாநிலங்களில் இருக்கிறது. பள்ளி நாட்களில் 10 சதவீதம் தவறினால் அந்தப் பட்டியலில் பெயர் வரும். 180 நாளில் அது 18 நாள். அனுமதி பெற்ற விடுப்பும் இதில் பொதுவாகச் சேரும். நான் மேலே சொன்ன 13 நாள் கணக்கை இங்கே பொருத்திப் பாருங்கள். அத்தனையும் பள்ளி நாட்களில் வந்து விழும் வருடத்தில் இரண்டு முறை காய்ச்சல் வந்தால் போதும், பக்தியுள்ள வீட்டுப் பிள்ளை பொறுப்பில்லாத பிள்ளை என்ற பட்டியலுக்குள் போய்விடும். பள்ளிகளை மதிப்பிடவும் இந்தக் கணக்கு பயன்படுவதால், முதல்வர்களுக்கும் இந்த விடுப்புகளைக் குறைக்கும் ஆசை வருகிறது. சமய விடுப்பை இந்தக் கணக்கிலிருந்து தனியாக வைக்க வேண்டும்.

ஆசிரியர்களுக்கும் இதே நீதி வேண்டும். உச்ச நீதிமன்றத்தில் 1986இல் தீர்ந்த பில்புரூக் வழக்கில், கனெடிகட்டின் அன்சோனியாவைச் சேர்ந்த ஒரு ஆசிரியருக்கு வருடத்தில் ஆறு நாள் போல விழா விடுப்புத் தேவைப்பட்டது. ஒப்பந்தம் மூன்று நாள்தான் சம்பளத்தோடு கொடுத்தது. மற்ற நாட்களுக்குச் சம்பளமில்லா விடுப்பு பொதுவாக நியாயமான ஏற்பாடுதான் என்றது நீதிமன்றம், ஆனால் மற்ற எல்லாச் சொந்தக் காரணத்துக்கும் சம்பளத்தோடு கொடுத்துவிட்டு மதக் காரணத்துக்கு மட்டும் மறுப்பது நியாயம் ஆகாது என்றும் சொன்னது. 2023இல் ஒரு தபால் ஊழியர் வழக்கில் அதே உச்ச நீதிமன்றம், ஊழியரின் மதத் தேவையை மறுக்க வேண்டுமானால் தன் தொழில் கணிசமாகப் பாதிக்கப்படும் என்று முதலாளி காட்ட வேண்டும் என்று அளவை உயர்த்தியது. இந்தத் தீர்ப்புகளை அறியாத ஆசிரியர்கள் நம்மவரிலேயே நிறையப் பேர்.

கடைசியாக, அங்கீகாரத்தையும் விடுமுறையையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பென்சில்வேனியா 2024இல் தீபாவளியை அங்கீகரித்தது, பள்ளிகள் அதனால் மூடவில்லை. கலிஃபோர்னியா 2025இல் மாநில விடுமுறைப் பட்டியலில் சேர்த்தது, பள்ளிகளை மூடுவது கட்டாயம் இல்லை, மாவட்டங்களின் விருப்பம். செய்தித்தாளில் “தீபாவளிக்கு விடுமுறை” என்று படித்துவிட்டு வாட்ஸ்அப்பில் பகிர்ந்து மகிழ்ந்தவர்கள், மறுநாள் பள்ளிப் பேருந்து வழக்கம்போல வந்து நின்றதைப் பார்த்திருப்பார்கள்.

உங்கள் மாவட்டத்தில் பேசப் போகிறீர்கள் என்றால், நாட்காட்டி பெரும்பாலும் ஒரு வருடம் முன்பே, சில இடங்களில் இரண்டு வருடம் முன்பே முடிவாகிவிடும். அக்டோபரில் போய் இந்தத் தீபாவளிக்குக் கேட்டால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. கூட்டத்தில் பொதுமக்களுக்கு ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம்தான் கிடைக்கும், பண்டிகையின் வரலாற்றைச் சொன்னால் அதிலேயே போய்விடும். யூத, முஸ்லிம், சீக்கிய, கொரியப் பெற்றோரையும் கூட அழைத்துக்கொண்டு போங்கள், ஒருவர் விட்டதை அடுத்தவர் கேட்கலாம். பள்ளியை மூட எத்தனை சதவீதம் வராமல் இருக்க வேண்டும், அதை எழுத்தில் தருவீர்களா? விழா நாட்களில் டெஸ்ட், போட்டி, இசைக்குழுத் தேர்வு எதுவும் வைக்கக் கூடாது என்று ஆசிரியர்களுக்குச் சுற்றறிக்கை போகுமா, மீறினால் பெற்றோர் யாரிடம் போவது? சமய விடுப்பு நாள்பட்ட வருகைக் குறைவுக் கணக்கில் சேருமா, சேராதா?